வெட்டும் இடம் காட்டும் எழுத்து

பாக்கியவதியின் மகளுக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றவேண்டும். கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுதான் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார்கள். நம் பக்கத்தில் குடியென்னும் குலம் தாய்வழியாகத்தானே வரும், என் கண்ணுகளே. அதனால் நோயும் அவள் குடியிலிருந்தே வந்ததென்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். சித்திரையில் பாக்கியவதியின் தங்கைக்குப் பேசிய கலியாணம் அதனாலேயே குழம்பிற்று. கணவன் தங்கவடிவேல் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "என்ர ரத்தம் மட்டும் ஏனம்மா இப்பிடிக் கெட்டுப்போச்சு?"

"ஆர் சொன்ன? ரத்தத்தின்ர சிவப்புச் சத்துக்கு ஒரு மரபணு இரிக்கு. அதின்ர நகலில வேண்டாத துண்டுகள வெட்டி எறிஞ்சு மிச்சத்த ஒட்டோணும். எங்க வெட்டுறதெண்டு காட்டுற எழுத்து மாறினா, வெட்டு பிழைச்சு, அந்தச் சத்துக் குறைஞ்சிரும். உங்களிட்டயும் உங்கட அவரிட்டயும் அந்தப் பிழை இரிக்கு. அதாலதான் புள்ளைக்கு வருத்தம். மாரி மழைக்க அவர் ரத்தச் சோதனை முடிவெடுக்க வந்தநேரமே சொன்னனானே!"

வீட்டு வாசலில் தங்கவடிவேல் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினான். பாக்கியவதி கொடுக்கவில்லை.

"மாரியிலயே உங்களுக்குத் தெரியும், என்ன?"

"அம்மா தாங்கமாட்டா…"

"நான் தாங்குவனெண்டு நினைச்சயளாக்கும். தங்கச்சியப் பேசின வீட்ட போங்க. உங்கட வாயால சொல்லிப்போட்டு, மறுகா இந்தப் படியில ஏறுங்க."

வீடு அவளுடைய சீதனம். அவன் சைக்கிளை எடுத்தான். ஒழுங்கை முனையில் சற்று நின்றான். பிறகு, மாப்பிள்ளை வீட்டுப் பாதையை விட்டு, தாய் வீட்டுப் பக்கம் திருப்பினான்.