காலாவதியான டிரைவர்

துளசிங்கத்துக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் புதுச் செருப்பு வாங்கினாலே அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த ஜூன் மாதம் வந்தது அந்த மாதிரிச் சில்லறைப் பொறாமை இல்லை, வயிறு நிஜமாகவே எரிந்தது. எரியாதா பின்னே? இத்தனை வருஷமாக அவர் உட்கார்ந்த டிரைவர் சீட்டில் இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தான். அதையும் அவர் அதே வேனில், கதவோரம் நின்றுகொண்டு தினம் பார்க்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஸ்கூல் வேன்களை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. ஆட்கள் சோதிப்பது வழக்கம். பிரேக்கையும் கதவையும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் லைசென்ஸைக் கேட்டார். துளசிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினார். அந்த அட்டையில் இரண்டு தேதி இருக்கும். சொந்த வண்டி ஓட்ட ஒன்று, வேன் மாதிரி ஆள் ஏற்றுகிற வண்டி ஓட்ட ஒன்று. மனிதர் முதல் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் ஏகப்பட்ட காலம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். இரண்டாவது தேதி போன வருஷமே முடிந்துபோயிருந்தது.

"இன்னா பெரியவரே, காலாவதியான லைசென்ஸ வச்சிகினா கொயந்தைங்கள ஏத்திகினு இருந்த?" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நின்ற மற்ற பள்ளி டிரைவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவராம்! தலையில் இன்னும் பாதி கறுப்பாகத்தான் இருந்தது.

பள்ளியின் கரஸ்பாண்டன்ட் விஜயராகவன் வேலையை விட்டுத் துரத்தவில்லை, அந்த வரைக்கும் புண்ணியம். "தேதி முடிஞ்சி வருஷம் தாண்டிப்போச்சு, திரும்ப ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்கணுமாம். அதுவரைக்கும் உதயா ஓட்டட்டும். ஆயாவும் வேலையவுட்டு நின்னுட்டாங்க, நீ கதவாண்ட நின்னு புள்ளைங்கள ஏத்தி எறக்கு. நீ லைசென்ஸ் வாங்கிகினு வந்தப்புறம் யாரு ஓட்டறதுன்னு பாத்துக்கலாம்" என்றார்.

பாத்துக்கலாமா? அந்த ஒரு வார்த்தை போதாதா! துளசிங்கத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

உதயா கனகம்மாசத்திரத்துக்காரன். திருப்பதி ரோட்டில் லோடு வண்டி ஓட்டியவன். அவன் கியர் மாற்றும்போதெல்லாம் துளசிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், ஒரு தடவையாவது கரகரவென்று சத்தம் வராதா என்று. வரவில்லை. பயல் நன்றாகத்தான் ஓட்டினான், அதுதான் பிரச்சினையே. அவன் விட்டு விட்டு ஹாரன் அடித்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. 'ஏன், நான் அடிச்சப்ப மட்டும் கழுதை கத்தினாப்புலயா இருந்துச்சு?' என்று உள்ளுக்குள் பொருமினார். வளைவில் திரும்பும்போது மலைக்கோயில் கோபுரம் தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டே, முருகா, இவன் லைசென்ஸையும் கொஞ்சம் கவனி என்று வேண்டிக்கொள்வார்.

ஆடிக் கிருத்திகை நெருக்கத்தில் ஊரெல்லாம் காவடிக் கூட்டம். இன்றைக்கு மாட்டினான்டா என்று துளசிங்கத்துக்கு ஒரே குஷி. உதயா என்னவென்றால் சந்துக்குள் வண்டியை நுழைத்து, மணியடிப்பதற்கு முன்னால் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஊரே அவன மெச்சுது. நான் இன்னா, ஊறுகாயா?" என்று வீட்டில் வந்து கத்தினார்.

"போய் லைசென்ஸுக்கு வழியப் பாருய்யா. அதவுட்டுட்டு அடுத்தவன் கியரப் போட்டா உனக்கு இன்னா?" என்றாள் மனைவி வரலட்சுமி.

இதற்கு நடுவில் கதவோர வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. பொதட்டூர்பேட்டையில் ஏறும் அம்மு என்கிற யூ.கே.ஜி. குட்டி, ஆரம்பத்தில் படியைப் பார்த்தாலே அழுதாள். துளசிங்கம்தான் அவளைத் தூக்கி உள்ளே விடுவார். பிறகு அழுகை நின்று பேச்சு ஆரம்பித்தது. அவள் வீட்டுத் தறியில் நேற்று நூல் அறுந்தது, அப்பா அம்மாவிடம் திட்டு வாங்கியது, பூனை குட்டி போட்டது எல்லாம் அவர் காதுக்கு வந்தாக வேண்டும். "ஆங், ஆங், அப்புறம்?" என்பார். கண் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு நகராது.

கண் டெஸ்ட், டாக்டர் சர்டிபிகேட், நெட் சென்டர் என்று அலைந்து முடித்தார். ஓட்டிக் காட்டும் நாளன்று, "நா இட்டுகினு போறேன்ணா" என்று உதயா பைக்கோடு வந்து நின்றான். நான் கோட்டை விடுவதைப் பார்க்க வந்திருக்கிறான் என்று துளசிங்கம் முடிவு கட்டிவிட்டார். கோட்டை விடவில்லை. பின்பக்கமாக எடுத்து வளைத்து, கம்பத்தில் படாமல் கச்சிதமாக நிறுத்தினார். உதயா கை தட்டினான். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கார்டு தபாலில் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு தேதியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, நேராகக் கரஸ்பாண்டன்ட் மேஜையில் வைத்தார்.

"சரி, நீயே ஓட்டு. நம்ம ஸ்கூலுக்கு ரெண்டாவது வேன் வாங்கற வரைக்கும் உதயா கதவாண்ட நிக்கட்டும்" என்றார் விஜயராகவன்.

உதயா சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். அடப்பாவி, ஒரு பேச்சுக்காவது முகம் சுண்டக் கூடாதா?

மறுநாள் காலை துளசிங்கம் சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். பொதட்டூர்பேட்டை வந்தது. கண்ணாடியில் அம்மு தெரிந்தாள். அழப்போகிறாள், மாமா எங்கே என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் உதயாவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கினாள். அவன் தூக்கி உள்ளே விட்டான். ஒரு சிணுங்கல்கூட இல்லை. உட்கார்ந்த கையோடு அவன் காதில் என்னமோ சொன்னாள். அவன் "அய்யய்யோ, அப்புறம்?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. துளசிங்கம் இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

"இன்னாடா சொல்லுது பாப்பா?"

"ஒண்ணுமில்லண்ணா. டைம் ஆவுது, நீ எடு."

"சொல்லேன்டா! அம்மு, நீ சொல்லு. மாமாகிட்ட சொல்லு."

அம்மு உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீ டிரைவரு. டிரைவராண்ட பேசக் கூடாதுன்னு மிஸ் சொல்லிகிறாங்க."

துளசிங்கம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிச் சாவியைத் திருகினார். முதல் கியர் கரகரவென்று விழுந்தது. பின்னால் உதயா, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.