அளந்த அறைகள்

வங்கி அனுப்பிய அளவுக்காரர் டேப் வைத்து அளந்த அறை மறுநாள் காலையில் அந்த வீட்டில் இருக்காது. முதலில் போனது சமையலறை. கதவு இருந்த இடத்தில் பழைய சுவர் ஒன்று நின்றது, காலண்டர் மாட்டிய ஆணியோடு.

பதினெட்டு வருஷமாக அங்கே வாடகைக்கு இருந்தவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். வீட்டின் சொந்தக்காரர் அதை அடமானம் வைத்துவிட்டுக் கம்பி நீட்டியதால் வங்கி எடுத்துக்கொண்டது. லாரி ஓட்டிய அவள் கணவர் முதுகெலும்பு முறிந்து ஆறு வருஷமாகப் பின்னறையில் படுக்கை. அவர் நிலையைக் கேட்ட பிறகு வேறு யாரும் வீடு தரவில்லை. நகையை விற்ற பணத்தோடு போய், "நானே வாங்கிக்கறேன் சார்" என்று வங்கி மேலாளர் முன்னால் நின்றாள்.

"இதுக்குப் பாதி வீடுகூட வராதும்மா" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

சமையலறை போனதும் விலை இறங்கியது. பத்திரத்தோடு வீடு ஒத்துப்போகாததால் அளவுக்காரரை மறுபடி மறுபடி அனுப்பினார்கள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கூடத்தைக் காட்டினாள். கல்யாணமாகிப் போன மகளின் அறையையும் காட்டினாள். பின்னறைக்கு மட்டும் குறுக்கே நின்றாள். "அங்க வேணாம் சார், அவரு தூங்கறாரு." வாசற்கதவு இருந்த முன்னறையும் பின்னறையும்தான் மிஞ்சின. அப்போதும் விலை அவள் கைக்கு எட்டவில்லை.

அவள் கம்பெனிக்குப் போயிருந்த ஒரு மதியம் அளவுக்காரர் வந்தபோது கணவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "சார், இதை விட்டுட்டீங்களே."

"அந்தம்மா வேணாம்னாங்க."

"நான் சொல்றேன், வாங்க. கட்டிலுக்கு அடியிலயும் சேர்த்து அளந்துக்குங்க."

சாயங்காலம் அவள் வந்ததும் சவரம் செய்துவிடச் சொன்னார்.

காலையில் பின்னறைக் கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. உள்ளங்கை வீங்கும்வரை அதை அடித்தாள். கொத்தனார் வந்து துளை போட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் சந்துதான் தெரிந்தது. அடைத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார். அந்த வாரமே வங்கிக் கடிதம் வந்தது. விலை அவள் கையிலிருந்ததற்குச் சரியாக இருந்தது. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது வேலைக்குப் போகுமுன் அந்தச் சுவரடியில் ஒரு தட்டுச் சோறு வைக்கிறாள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கிறது. கம்பெனியில் யாராவது, "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டால், "இப்பல்லாம் மிச்சம் வைக்கறதில்ல" என்கிறாள்.