நைரோபியில் காய்ச்சிய பறை

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று மலர்விழியிடம் யார் சொன்னார்களோ, அவர்களைப் பிடித்து நைரோபி மழையில் நிறுத்தியிருக்க வேண்டும். மோகனூரிலிருந்து அவள் தூக்கிப்போன பறை ஈரத்தில் தொய்ந்து, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் போட்டது. மதியம் உலகத் தாளக்கருவிப் போட்டி. தோலைத் தீயில் காய்ச்சினால்தான் பறை பேசும். அரங்கத்திலோ தீக்குச்சி கிழிக்கவே தடை. மலேசியாவிலும் கொரியாவிலும் மேடையை அதிரவைத்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் காதைக் கிழிக்கும் இரைச்சல். எட்டிப் பார்த்தாள். போர்வெல் ரிக் வண்டி. முன்கண்ணாடியில் தமிழில் ‘அர்த்தநாரீஸ்வரர் துணை’. திருச்செங்கோட்டு வண்டி போகாத ஊர் உண்டா என்ன! ஓடினாள்.

“அண்ணா, கொஞ்சம் தீ மூட்டிக் குடுப்பீங்களா?”

ரிக் டிரைவர் நாச்சிமுத்து பறையையும் அவளையும் பார்த்தார். “இந்த மழையில தீ எங்கீங்க அம்மிணி எரியும்? இங்க புடிங்க.”

கம்ப்ரசர் ரேடியேட்டரிலிருந்து அனல்காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் தோல் இறுகியது. விரலால் சுண்டினாள், கணீரென்றது. அவளுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“இதுக்கு நான் என்னங்கண்ணா செய்யறது?”

“வார ஞாயித்துக்கெழம எம்புள்ளைக்குக் காது குத்துறாங்க. அது மொகத்தையே நான் போன்லதான் பாத்திருக்கறேன். ஊருக்குப் போயி அங்க பறை அடிச்சுப் போடுங்க, அது போதும்.”

இரண்டாம் பரிசு கிடைத்தது. வென்றவர்களை இன்னும் ஒரு வாரம் தங்கி, ஊர் ஊராக வாசிக்கும்படி போட்டி நடத்தியவர்கள் அழைத்தார்கள். ‘வீட்டில் விசேஷம்’ என்று சொல்லிவிட்டு மலர்விழி விமானம் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை, திருச்செங்கோட்டில் நாச்சிமுத்துவின் வாசலிலேயே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினாள். அவர் மனைவி பிரபா போனை உயர்த்திப் பிடித்தாள். திரையில் நாச்சிமுத்து, பின்னால் அதே கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் மனுஷனுக்கு என்ன கேட்கப்போகிறது என்று வருத்தப்பட்டபடியே அடிக்க ஆரம்பித்தாள். மாமன் மடியில் இருந்த குழந்தைக்கு ஆசாரி காது குத்த, அது வீறிட்டது.

அடித்து முடித்து, மூச்சு வாங்கியபடி போன் அருகே வந்தாள். “கேட்டுச்சுங்களாண்ணா?”

அப்போதுதான் கவனித்தாள். அந்தப் பக்கம் இரைச்சலே இல்லை. ரிக் ஆட்கள் எல்லோரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மெஷின நிறுத்திப்போட்டமுங்க அம்மிணி. பாப்பா அழுவுனது வரைக்கும் கேட்டுச்சுங்க.”