சிரிச்சிகிட்டே வெட்டு

தைரியத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் திருநாவுக்கரசு கிராணிக்கு ஒரு லாரி தேவைப்பட்டது. சாதாரண லாரி இல்லை. நாலு பக்கமும் இரும்புத் தகடு அடித்து, எட்டிப் பார்க்க ஒரு சாண் நீளத்துக்குச் சந்து விட்ட லாரி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் ரோட்டில் பட்டாளமுமாக இருந்த ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. நீலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஊரடங்கு முடிந்து, விடிந்த பிறகுதான் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடித்ததும், அந்தச் சந்தில் மூக்கு மட்டும் தெரிய அவர் முழங்குவார்.

"பயமெல்லாம் மனசுலதான் இருக்கு! சிரிச்சிகிட்டே வேல செய்யணும்! எல்லாரும் சொல்லுங்க, என்னால முடியும்!"

சனங்கள் பத்து தரம் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சிரம்பானில் யாரோ நடத்திய மூன்று நாள் வகுப்பில் பிடித்து வந்த வித்தை அது. போய் வந்ததிலிருந்து மனுஷன் கால் தரையில் படவில்லை.

பஞ்சாலைக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினைந்து வருஷமாக ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவள். காயம் படாமல் பட்டை சீவுவதில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. போன மாதம் காட்டோர நிரையில் காட்டுக்குள்ளிருந்து மூன்று பேர் வந்து மரங்களைக் கொத்திச் சிதைத்துவிட்டு, அவளுடைய உளியையே பிடுங்கி அவள் கழுத்தில் வைத்தார்கள். அவளைக் கொல்லாமல் உயிரை விட்டுவிட்டுப் போனார்கள், கையில் ஒரு நடுக்கத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டது. வெட்டிய மரமெல்லாம் காயம்.

"ஒனக்குத் தன்னம்பிக்கை பத்தல," என்றார் கிராணி. "நாளைக்குப் பத்து மரம் வெட்டு, நான் பாக்குறேன். ஒரு காயம் பட்டாலும் உளிய வாங்கிருவேன். அப்புறம் புல்லு வெட்டத்தான் போகணும், தெரிஞ்சிக்க."

புல் வெட்டுவது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் உளி போய்விட்டால் பஞ்சாலை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்?

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் லாரி காட்டோர நிரைக்கு வந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி இறங்கினார். துப்பாக்கியோடு இரண்டு ஸ்பெஷல் போலீஸ் இறங்கினார்கள். கிராணி இறங்கவில்லை.

"ஆரம்பி! சிரிச்சிகிட்டே வெட்டு!" என்றது சந்து.

"உள்ள இருந்துகிட்டு காயம் எப்படிங்கய்யா தெரியும்? ஊசி குத்தியில்ல பாக்கணும்? எறங்கி வாங்க," என்றாள் பஞ்சாலை.

சன்னாசி துண்டால் வாயை மூடிக்கொண்டார். போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கிராணிக்கு வேறு வழியில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வெட்டிய இடத்தில் பட்டை எவ்வளவு மிச்சம் என்று குத்திப் பார்க்கும் ஊசி அவர் கையில் தந்தியடித்தது.

பஞ்சாலை முதல் மரத்தில் உளியை வைத்தாள். அவள் கையும் நடுங்கியது. கழுத்தில் அந்த இரும்பு மறுபடியும் சில்லென்று பட்டது போலிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

டப்பென்று ஒரு சத்தம்.

"அய்யோ, சுடுறானுங்க!"

கிராணி பக்கத்துக் குழியில் குப்புற விழுந்தார். தொப்பி உருண்டு ஓடியது. மற்ற யாரும் இமைக்கக்கூட இல்லை. வெயில் ஏறினால் ரப்பர்க்காய் வெடிக்கும், தோட்டத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பன்னிரண்டு வருஷமாக ஆபீசிலேயே குந்தியிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? சிதறிய கொட்டை ஒன்று அவர் முதுகிலேயே விழுந்தது.

பஞ்சாலைக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு மாதமாக வராத சிரிப்பு. இந்த வாயா எனக்குத் தைரியம் சொன்னது? இந்த ஆளா என் உளியை வாங்குவது? சீ! கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உளியை வைத்தாள். கை ஆடவில்லை. பத்து மரத்திலும் சீவல் ஒரே கனத்தில் சுருண்டு விழுந்தது. ஊசி பிடிக்கக் கிராணியால் முடியாமல் போக, சன்னாசிதான் குத்திப் பார்த்தார். ஒரு காயம் இல்லை.

"குழி சமாச்சாரம் வெளிய வேணாம் லா," என்றார் கிராணி மெதுவாக. அவள் தலையாட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

அடுத்த நாள் பெரட்டுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே வந்திருந்தார். அதனால் அன்றைக்கு மட்டும் கிராணி தரையில் நின்றார். வாய் சும்மா இருக்குமா?

"கை நடுங்குன பொம்பள தொரை! என் பேச்சக் கேட்டுக் கேட்டு நேத்து பத்து மரம், ஒரு காயம் இல்ல! பஞ்சாலை, முன்னால வா. எப்படித் தைரியம் வந்துச்சுன்னு சொல்லு!"

பஞ்சாலைக்குக் காது வரைக்கும் சூடேறியது. முன்னால் வந்தாள். துரைக்கு இருபது வருஷத் தோட்டத் தமிழ், ஒரு வார்த்தை தப்பாது.

"ஐயா சொன்ன மாதிரியே சிரிச்சேன் தொரை. சிரிச்சதும் கை நடுக்கம் நின்னுருச்சு."

கிராணி நெஞ்சை நிமிர்த்தினார்.

"எதப் பாத்துச் சிரிச்சே?" என்றார் துரை.

"ரப்பர்க்காய் வெடிச்சுச்சுங்க. சுடுறானுங்கன்னு ஐயா குழியில விழுந்தாரு. அதப் பாத்துத்தான்."

பெரட்டே குலுங்கிச் சிரித்தது. துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். சன்னாசி பேர்ப் புத்தகத்தைப் புரட்டி, "பஞ்சாலை, காட்டோர நெற!" என்று கத்தினார்.

அவள் உளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிராணியைத் தாண்டும்போது அவர் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னால முடியும்னு பத்து தரம் சொல்லுங்கய்யா," என்றாள். "சரியாப் போயிரும்."