சொல்லக்கூடாத சொற்கள்

பெரிய கடைவீதியில் அடைக்கலராஜின் ஜவுளிக்கடையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது. சிவப்புச் சேலை கேட்டால் பச்சையை விரித்து, இப்போது எல்லாரும் இதைத்தான் கட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். கடைவீதி முழுக்க அதுதான் வழக்கம். தொட்டியத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த அம்மாசிக்கு மட்டும் அது பிடிபடவில்லை. இருந்தால் இருக்கு என்பான், இல்லாவிட்டால் இல்லை என்பான். வாங்க வந்தவர்கள் சந்தோஷமாக எதிர்க்கடைக்குப் போவார்கள்.

வேறு புகார்களும் உண்டு. ஆள் முகத்தைப் பார்க்க மாட்டான். சேலைக் கரையோடு பேசுவான். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அப்படியே நின்றுவிடுவான். முகம் சிரமமென்றால் மூக்குத்தியைப் பார் என்று கூட வேலை செய்த ஜமால் யோசனை சொன்னான். பார்த்தான். சேலை எடுக்க வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை காலை முதலாளி கூப்பிட்டார். இன்றைக்கு ஒரு தடவை 'இல்லை' வாயில் வந்தாலும் அப்படியே ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் என்றார். அம்மாசிக்கு இது நான்காவது கடை. ஐந்தாவது ஒன்று தன்னை எடுக்கும் என்று அவனே நம்பவில்லை.

மதியத்துக்குள் கூட்டம் நெரிந்தது. மின்விசிறி கடகடத்தது. அந்தச் சத்தம் மற்ற யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாசி அளவு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். சிவப்பு கேட்டவர்களிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு பச்சையை நீட்டினான். சட்டை நனைந்துவிட்டது.

அப்போது முசிறியிலிருந்து பொன்னுத்தாய், மகளுக்குக் கல்யாணத் துணி எடுக்க உறவுக்காரர்களோடு வந்தாள். எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அம்மாசி நின்றுவிட்டான். கல்லாவில் முதலாளியின் தலை நிமிர்ந்தது. ஜமால் ஓடி வந்து, ஒருத்தர் ஒருத்தராகக் கேட்கும்படி கெஞ்சினான்.

பொன்னுத்தாய் ஒரு நீலச் சேலையைக் கசக்கிப் பார்த்தாள். "இது சாயம் போகாதுல்ல தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 'இல்லை' என்ற சொல்லே தேவைப்படாது. அம்மாசிக்கு நிம்மதியாக இருந்தது.

"போகும்ங்க."

முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்றார்.

"போகும்னு சொல்லக்கூடாதுன்னு நீங்க சொல்லலையே முதலாளி."

குரலில் திமிர் துளியும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அம்மாசி டேப்பை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு கேட்டான்.

"சொல்லக்கூடாததை எல்லாம் இப்பவே சொல்லிடுங்க. மொத்தமாத் தெரிஞ்சா சரியா இருந்துக்குவேன்."

அடைக்கலராஜ் சொன்னார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சாயம் போகும்னு சொல்லாதே. துவைச்சா சுருங்கும்னு சொல்லாதே. போன வருஷத்துச் சரக்குன்னு சொல்லாதே. சரிகை சரிகையே இல்லைன்னு சொல்லாதே. போதுமா?"

அன்றைக்கு அந்தக் கடையில் 'இல்லை' என்று முதலில் சொன்னவர் முதலாளிதான்.

பொன்னுத்தாய் நீலச் சேலையைக் கீழே வைத்தாள். "அப்ப சாயம் போகாதது எது? தம்பி, நீயே எடு."

மற்றவர்களும் கையில் இருந்த துணிகளோடு அம்மாசி பக்கம் திரும்பினார்கள். முதலாளி எதையோ விளக்க ஆரம்பித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் எதிர்க்கடைக்காரர், காற்று வாங்க வந்தவர் போல நின்றிருந்தார்.

அம்மாசி அசையவில்லை. முதலாளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டான்.

"சொல்லலாமா முதலாளி?"

"சொல்லித் தொலை."

"இன்னைக்கு மட்டுமா, நாளைக்குமா?"

அடைக்கலராஜ் கூட்டத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"நாளைக்கும்தான்."

அதற்குப் பிறகுதான் அம்மாசி அலமாரிப் பக்கம் திரும்பினான்.