நாற்பத்தோராம் அடிக்குறிப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். சட்ட ஆய்விதழ் ஒன்றில் கட்டுரைகளைச் சரிபார்க்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பேராசிரியர்கள் மேலே ஒரு வரி எழுதிவிட்டு, கீழே பத்து வரிக்கு அடிக்குறிப்பு போடுவார்கள். அதில் பாதியை அவர்களே படித்திருக்க மாட்டார்கள். இவர் அவரைக் கை காட்டுவார். அவரைப் போய்ப் பார்த்தால் அவர் இன்னொருவரைக் கை காட்டுவார். என்னிடம் அந்தப் பருப்பு வேகாது. அசல் தீர்ப்பின் அசல் பக்கத்தை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் டிக் போடுவேன். பார்க்காமல் போட்டதே இல்லை. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட என் மேஜைக்குத்தான் பெரியவரின் கட்டுரை வந்தது. குடியுரிமைச் சட்டத்தில் அவருக்கு மேல் ஆள் கிடையாது என்பதால் எல்லாருக்கும் அவர் பெரியவர். பல நாட்டுச் சட்டங்களை அந்தந்த மொழியிலேயே படிப்பவர். அவர் புத்தகத்தை அரசு வக்கீலும் காட்டுவார், எதிர்த்தரப்பு வக்கீலும் காட்டுவார். பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளை எந்த நாடு எப்படி நடத்துகிறது என்று ஒப்பிட்டு எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கே மலைப்பாக இருந்தது. நாற்பதாம் அடிக்குறிப்பு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

நாற்பத்தொன்றில் நின்றேன். 'பெற்றோர் யாரெனத் தெரியாத ஒருவர், தாம் இந்நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும்.' கடலோரத்துச் சின்ன நாடு ஒன்றின் நீதிமன்றம் எந்தக் காலத்திலோ சொன்னது. அந்த வரி எனக்கு மனப்பாடம். அது ஏற்கெனவே என் அக்கா வீட்டுக்குள் நுழைந்து எல்லாருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டிருந்தது.

அக்கா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் காலையில் வெளிநோயாளிகள் கூடத்து பெஞ்சில், துண்டில் சுற்றிய ஒரு குழந்தை கிடந்தது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. அக்காவும் அத்தானும் முறைப்படி கோர்ட்டில் தத்தெடுத்தார்கள். கையளவு இருந்ததால் பொடிசு என்று கூப்பிட்டோம். இப்போது என்னைவிட ஒரு தலை உயரம், டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள், இன்னமும் பொடிசுதான். டாக்டராகப் பதிவு செய்யப் போன இடத்தில் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு விண்ணப்பித்ததும் விவகாரம் குடியுரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. தத்தெடுத்தால் தாய் கிடைப்பாள், நாடு கிடைக்காதாம். பெற்றவர்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்று நிரூபி, இல்லாவிட்டால் வெளியேறு என்று தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது பெரியவரின் புத்தகத்தில் இருந்த இதே வரியை.

"வெளியேறுன்னா எங்க சித்தி போறது? அந்த பெஞ்சுக்கா?" என்று கேட்டாள் பொடிசு. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மேல்முறையீடு விசாரணைக்கு வரவிருந்தது. அதிலும் தோற்றால் போக வேறு கோர்ட் இல்லை.

நான் கட்டுரையை எடுத்துக்கொண்டு நேரே பெரியவரின் அறைக்குப் போனேன்.

"சார், இதை நான் பார்க்கக் கூடாது. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏம்மா? நல்லா இல்லையா?"

"இந்த நாற்பத்தொண்ணை வச்சுத்தான் என் அக்கா பொண்ணை நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கும் அந்த வரி பிடிக்காதும்மா. ஆனா அந்தக் கோர்ட் அப்படித்தான் சொல்லியிருக்கு. பிடிக்கலைங்கறதுக்காக நான் மாத்தி எழுத முடியுமா?"

"நீங்க அசலைப் பார்த்தீங்களா சார்?"

"எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே."

"அதைக் கேக்கலை."

வேறு யாராக இருந்தாலும் வெளியே போ என்றிருப்பார்கள். அவர் சிரித்தார். "இல்லைம்மா, அந்தத் தொகுதி எனக்குக் கிடைக்கவே இல்லை. நீங்களே பாருங்க. சொந்தக்காரப் பொண்ணுன்னு கண்ணை மூடிக்கற ஆள் இல்லை நீங்க."

அந்தத் தொகுதி எங்கள் ஊர் நூலகங்கள் எதிலும் இல்லை. கடைசியில் அந்த நாட்டு நீதிமன்ற நூலகத்துக்கே எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. நான் கேட்டது ஒரே ஒரு பக்கம். அந்தப் புண்ணியவான் வழக்கு முழுவதையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்த மொழி எனக்கு அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் வரும். அதனால் சொன்ன பக்கத்தைத் திறந்து, சொன்ன வரியை மட்டும் விரலை வைத்துத் தேடினேன்.

இருந்தது. சொல்லுக்குச் சொல், புள்ளிக்குப் புள்ளி அப்படியே இருந்தது. பக்க எண்ணும் சரி.

இல்லாமல் போய்விடாதா என்று உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டிக் போட்டேன். போடாமல் என்ன செய்ய? அழுத்திப் போட்டதில் முனை உடைந்தது.

பக்கங்களை அச்செடுத்துப் பெரியவரிடம் கொண்டுபோய் வைத்தேன். "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"இருங்க, இருங்க! இதைக் கண்ணால பார்ப்பேன்னு நான் நினைச்சதே இல்லை" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். முதல் பக்கத்திலிருந்து எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். துறைமுகத்துக் கிடங்கில் ஒரு பெண் குழந்தை கிடைத்தது. வளர்த்தவள் துணி துவைப்பவள். குழந்தையைக் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்றது அரசாங்கம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எதற்கு இப்போது இந்தக் கதை, நானே நொந்துபோயிருக்கிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

நம்முடைய வரி வந்தது. அதையும் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தினார். முந்தின பக்கத்துக்குப் போனார், மறுபடி முன்னால் வந்தார்.

"என்ன சார்?"

"இங்க பாருங்க." பக்கத்தின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கோடு. அச்சுக்காரன் அழகுக்குப் போட்டது என்றுதான் நான் நினைத்திருப்பேன். "அந்த நாட்டுப் பழைய தொகுப்புல ஒரு வழக்கம்மா. வக்கீலுங்க வாதாடினதை முதல்ல அச்சடிப்பாங்க. தனித் தலைப்பு கிடையாது. ஒரே எழுத்து, ஒரே அளவு. கோட்டுக்குக் கீழதான் நீதிபதி பேச ஆரம்பிப்பார்."

"நம்ம வரி?"

"கோட்டுக்கு மேல இருக்கு." அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அது தீர்ப்பே இல்லைம்மா. அரசாங்க வக்கீலோட வாதம். கீழ நீதிபதி அதைத் தள்ளுபடி பண்ணியிருக்கார்."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். கோட்டுக்குக் கீழே இருந்ததை அவர் மெதுவாகச் சொன்னார். 'தன்னைப் பெற்றவர் யாரென்று இந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லப்படாததை அவளிடம் கேட்பது இந்த மன்றத்தின் வேலை அல்ல. அவள் இந்த மண்ணில் கிடைத்தாள். வேறு மண்ணுக்கு உரியவள் என்று யார் சொல்கிறாரோ அவர் அதைக் காட்டட்டும்.'

எங்கேயோ ஒரு துறைமுகத்தில், செத்து மண்ணாகிப்போன ஒரு மனுஷன், யாரோ ஒரு துணி துவைப்பவளின் பெண்ணுக்காக எழுதி வைத்தது. அத்தனை காலமும் ஒரு அலமாரியில் அப்படியே இருந்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ தீர்ப்புகளைப் புரட்டியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்த நாட்களில் பெரியவர் அந்த வரி வந்த வழியைத் திரும்பி நடந்தார். அவர் எடுத்தது தன் ஆசிரியரின் புத்தகத்திலிருந்து. ஆசிரியர் எடுத்தது வேறொரு நாட்டுப் பாடநூலிலிருந்து. அந்தப் பாடநூல்காரர்தான் கோட்டைக் கவனிக்காமல் பக்கத்தை மொழிபெயர்த்தவர். அதற்குப் பிறகு அந்த வரி கடல் தாண்டி, மலை தாண்டி, நாடு நாடாகப் போயிருக்கிறது. எந்த நாட்டிலும் ஒருவர்கூட அசலைத் திறக்கவில்லை. தோற்றுப்போன வாதம் ஜெயித்த தீர்ப்பாக வேஷம் போட்டுக்கொண்டு எத்தனை கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது!

"எத்தனை பேரை அனுப்பிட்டோமோ" என்றார் பெரியவர். கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தார்.

விசாரணைக்கு முன் இதழ் வந்தாக வேண்டும். திருத்திய கட்டுரைக்குக் காத்திருந்தபோது நான் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். பேராசிரியர்களை எனக்குத் தெரியாதா? 'சில ஆய்வாளர்கள் கருதிவந்தது மறுபரிசீலனைக்குரியது' என்று வழவழவென்று எழுதுவார்கள். அந்தச் சில ஆய்வாளர்கள் யார் என்று கேட்டால் இருமுவார்கள். அப்படி ஏதாவது வந்தால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவது என்று இருந்தேன்.

கட்டுரை வந்தது. முதல் வாக்கியம் இது: 'என் நூலில் நான் எழுதியது தவறு, அந்தத் தவறால் மனிதர்கள் துன்பப்பட்டார்கள்.'

ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. தொட எனக்கு என்ன தகுதி?

பொடிசிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தாள். "தோத்துப்போன வக்கீல் பேச்சா சித்தி என்னை இவ்வளவு நாளா விரட்டுச்சு?" அக்கா மட்டும், "கோர்ட் ஒத்துக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தவறைக் கண்டுபிடிப்பது வேறு, வழக்கில் ஜெயிப்பது வேறு.

விசாரணை அன்று எங்கள் வக்கீல் புது இதழையும் அசல் பக்கங்களையும் அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பையும் நீதிபதியிடம் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் நாங்கள். அக்காவின் கை என் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி அம்மாள் அவசரப்படவில்லை. கட்டுரையை மூடி வைத்தார். மொழிபெயர்ப்பையும் ஒதுக்கினார். அசல் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்தார்.

"நீங்க இதைப் பார்த்தீங்களா?"

அரசு வக்கீல் எழுந்தார். அவர் ஏதாவது சுற்றி வளைப்பார், அடுத்த வாய்தா கேட்பார் என்று என் நாக்கு நுனியில் வசவு தயாராக இருந்தது. "காலையிலதான் பார்த்தேன் அம்மா. எங்க வாதம் முழுக்க அந்த வரி மேலதான் நிக்குது. அது தீர்ப்பு இல்லைன்னு இப்போ தெரியுது. அதை நான் இனிமேல் இந்தக் கோர்ட்ல சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜெயிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற ஆள், கையிலிருந்த ஒரே ஆயுதத்தைத் தானே கீழே வைத்ததைப் பார்த்துவிட்டேன். வசவை விழுங்கினேன். நீதிபதி அம்மாள் கோட்டுக்குக் கீழே இருந்ததை, தமிழில், நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'அவள் இந்த மண்ணில் கிடைத்தாள்' என்ற இடத்தில் நிமிர்ந்து பொடிசைப் பார்த்தார். தீர்ப்பைப் பிறகு தருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வெளியான அன்று நான் அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அக்கா தாளை வாங்கி என்னிடமே திருப்பித் தந்தாள். "நீயே படிடி" என்றாள்.

நான் பழக்க தோஷத்தில் அடிக்குறிப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

"சித்தி! மேல படி சித்தி!" என்று கத்தினாள் பொடிசு.

படித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியிருந்தார் அந்த அம்மாள். வரிக்கு வரி அடிக்குறிப்பு. துறைமுகத்து வழக்கு, பக்கம், கோட்டுக்குக் கீழ் என்ற குறிப்பு, வரி நாடு நாடாகப் போன பாதை, பெரியவரின் திருத்தம், எல்லாம் இருந்தன. கடைசிப் பத்திக்கு வந்தேன். 'இந்த மனுதாரர் இந்நாட்டவர்.'

அக்கா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு விசும்பினாள். அத்தான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னொரு தடவை படி, இன்னொரு தடவை" என்றார். படித்தேன். படித்துவிட்டு என் கண் தானாகப் பக்கத்தின் அடிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. தீர்ப்பு முழுவதிலும் அந்த ஒரு வரிக்கு மட்டும் அடிக்குறிப்பு கிடையாது.

பொடிசு அதைக் கவனித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "என்ன சித்தி, இதுக்கு ஆதாரம் கேக்கலையா?" என்றாள்.

"வாயை மூடுடி" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைப்பையில் துழாவிப் பச்சைப் பென்சிலை எடுத்தேன். நிமிர்ந்து அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டேன்.