தீயணைப்பு வண்டியில் அப்பா

"ஓஸ் பைப்பைக் கீழ இறக்கிட்டா பெட்டி சமமா உட்காரும்," என்றார் தபால்காரர்.

சலூன்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "ஓஸ் இல்லாத வண்டியில அண்ணன் ஏறவே மாட்டாரு," என்றார். ஆகவே அப்பாவின் சவப்பெட்டி, சுருட்டி வைத்த ஓஸ்களின் மேல் கொஞ்சம் சாய்வாகவே ஏறியது.

மகளும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். தபால்காரர் வண்டியை எடுத்தார். ஊரே பின்னால் நடந்தது.

அப்பா ஓட்டிய வண்டி. ஊருக்கு இருப்பது இது ஒன்றுதான். நகரத்து வண்டி வந்து சேர்வதற்குள் சாம்பலைத்தான் அள்ள வேண்டும். குளத்தில் பம்ப் இறக்கப் பாதை வெட்டியவர் அப்பா. வண்டி நுழையும்படி கேட்டை அகலமாக்காத வீட்டில் காபிகூடக் குடிக்க மாட்டார். சைரன் கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவிடுவார். மகள் பள்ளி நாடகத்தில் ராணியாக வந்து வாயைத் திறந்தபோது சைரன் அடித்து, முன்வரிசையே காலியானது. ராணி மேடையிலேயே ஓவென்று அழுதாள். மறுநாள் காலை அப்பா முகமெல்லாம் கரியோடு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். "எங்க, ராணி என்ன சொன்னா?" என்று முழு நாடகத்தையும் கேட்டார். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

இந்த ஒரு நாளாவது அப்பா முழுதாகத் தங்களுக்கு என்று நினைத்திருந்தாள். இடுகாட்டுக்குப் பாதி வழியில் ஊர்ச் சைரன் அடித்தது.

வண்டி நின்றது. படியில் தொற்றிக்கொண்டு வந்த சலூன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, தையக்காரம்மா வீடு," என்றார். "டவுன் வண்டிக்குச் சொல்லியாச்சும்மா. நாம அண்ணனை அடக்கம் பண்ணிட்டே போவோம்."

சொன்னாரே தவிர, அவர் கண் பள்ளிக்கூடத்துப் பக்கமே இருந்தது. பின்னால் ஒருவரும் அசையவில்லை. ஆமாம், முதலில் அப்பாதான் என்று சொல்லிவிட அவளுக்கு வாய் வரை வந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா இருந்திருந்தா இந்நேரம் உங்களைத் திட்டித் தீர்த்திருப்பாரு," என்றாள். "இறக்குங்க மாமா."

பஸ் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை வைத்தார்கள். வண்டி பறந்தது. நடந்து வந்த கூட்டமும் வாளி எடுக்க ஓடியது. சாலையில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

சைரன் விடாமல் அலறியது. அம்மா பெட்டியின் மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"போகல பாரு," என்றாள் மகளிடம். "உங்கப்பா போகல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கூரைகளுக்கு மேல் எழுந்த கரும்புகை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

அம்மா பெட்டிப் பக்கம் குனிந்தாள். "தீயில தண்ணி பட்டுடுச்சுங்க," என்றாள்.